இஞ்சி டீயும் எலக்ட்ரீஷியனும்

டீக்கடைப் பேச்சுக்கு ஒரு குணம் உண்டு. தக்காளி விலையில் ஆரம்பிக்கும். கிளாஸ் காலியாவதற்குள் ஒருவர், எப்போதோ காலமான தாய்மாமன் சைக்கிளைப் பூட்டிவிட்டுச் சாவியை எந்த மாடத்தில் வைப்பார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். தக்காளியிலிருந்து தாய்மாமனுக்கு எந்த வழியாக வந்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் அதன் ருசியே தனி. உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன். வருவதற்குள் ஒரு பழைய கதை.

இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். நாலு பேர் கூடி அந்தப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒருவர், "பழைய ரோமானியக் காசு ஒன்று என்ன பெறும்?" என்று கேட்கிறார். போரைப் பற்றிப் பேசும்போது இது என்ன கேள்வி என்றுதான் யாருக்கும் தோன்றும். தாமஸ் ஹாப்ஸ் என்ற தத்துவவாதி 1651இல் எழுதிய 'லெவியத்தான்' நூலில் இந்தச் சம்பவத்தைச் சொல்லி முடிச்சை அவிழ்க்கிறார். போர் என்றதும் கேட்டவருக்கு நினைவு வந்தது, மன்னர் முதலாம் சார்லஸை அவருடைய எதிரிகள் கையில் ஒப்படைத்த சங்கதி. ஸ்காட்லாந்துப் படை தனக்கு வரவேண்டிய பணம் கைக்கு வந்ததும் 1647இல் அவரை நாடாளுமன்றத்தாரிடம் விட்டுவிட்டுப் போனது. காசுக்காகக் காட்டிக்கொடுத்தது என்றதும் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். யூதாஸ் என்றதும் முப்பது வெள்ளிக்காசு. வெள்ளிக்காசு என்றதும், அது இன்றைக்கு என்ன பெறும் என்ற கேள்வி. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். கேள்வி சம்பந்தமில்லாமல் வரவில்லை. நடுவில் இரண்டு மூன்று கண்ணிகள் வாயைத் திறக்காமல் கடந்து போய்விட்டன, அவ்வளவுதான். நினைவு தாவுகிறது என்று நாம் சொல்கிறோம். பெரும்பாலும் அது நடந்துதான் போகிறது. நமக்குக் காலடி கேட்பதில்லை.

இதை முதலில் கவனித்தவர் ஹாப்ஸ் இல்லை. அவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில், நினைவு கூர்வதைப் பற்றி எழுதிய சின்ன நூலில் ஒரு சங்கிலி போட்டுக் காட்டுகிறார்: பாலிலிருந்து வெண்மை, வெண்மையிலிருந்து காற்று, காற்றிலிருந்து ஈரம், ஈரத்திலிருந்து இலையுதிர்காலம். காற்று எப்படி வெள்ளையாகும் என்று என்னிடம் கேட்காதீர்கள். கிரேக்கர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பாலுக்கு அடுத்து நமக்கு வேறொன்று வரும். பசு, தயிர், அல்லது விடியற்காலையில் வாசலில் நின்று கூப்பிடும் பால்காரர். சங்கிலி எல்லாருக்கும் உண்டு, கண்ணிகள் அவரவருடையவை. ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பது, ஒன்றுக்கு எதிராக இன்னொன்று இருப்பது, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று இருந்தது என மூன்று வகை இணைப்பு என்றார் அவர். இந்த மூன்றாவதுதான் பெரிய ஆள். அதைப் பிறகு பார்ப்போம்.

டீ வந்துவிட்டது. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார். நல்லதாகப் போயிற்று, என் சங்கிலி ஒன்றையே அவிழ்த்துக் காட்டலாம். ஒருநாள் இதே மாதிரி மாஸ்டர் இஞ்சியை நசுக்கிக்கொண்டிருந்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன், "அடடா, எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்த நண்பர், "இஞ்சிக்கும் கரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிரித்தார். எனக்கே தெரியவில்லை. பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்.

இஞ்சி வாசனையில் வந்தது இஞ்சி மொரப்பா. மொரப்பா என்றால் பொட்டலம் கண்ணுக்கு வராது, பஸ்ஸில் ஏறி விற்கிறவரின் மூக்கடைத்த குரல்தான் வரும். குரலோடு பஸ் வந்தது: டீசல் புகை, வெயிலில் சுட்ட ரெக்ஸின் சீட், வயிற்றுப் புரட்டல். புரட்டலுக்கு மருந்து எலுமிச்சம்பழம். பஸ் பயணம் முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கருகிலேயே வைத்திருந்தவர் என் அத்தை. அத்தை வந்ததும் அத்தை வீடு, அந்த வீட்டுக் குளியலறைச் சுவிட்சு. ஈரக்கையோடு தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதால் சுவரில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் சொருகி வைத்திருப்பார். அதால்தான் எல்லாரும் சுவிட்சைத் தட்டவேண்டும். அந்தக் குச்சியிலிருந்து எங்கள் வீட்டு மோட்டார் சுவிட்சு. அது ஒரு வாரமாகப் பொறி தட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கண்ணியும் வேறு வேறு ரகம். இஞ்சிக்கும் மொரப்பாவுக்கும் வாசனை. மொரப்பாவுக்கும் பஸ்ஸுக்கும் இடம். பஸ்ஸுக்கும் எலுமிச்சைக்கும் காரணகாரியம். எலுமிச்சைக்கும் அத்தைக்கும் பழக்கம். இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் ஒப்புமை, கூடவே கொஞ்சம் பயம். ஒரே நூலில் கோத்த மாலை இல்லை இது. அதனால்தான் முதலையும் முடிவையும் மட்டும் பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இப்படித் தன் மனத்தையே வேவு பார்த்தவர்களில் பெரிய ஆள் பிரான்சிஸ் கால்டன். இன மேன்மை, வம்ச மேம்பாடு என்று அவர் கிளப்பிவிட்ட கருத்துகள் உலகத்துக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல. அந்தக் கணக்கு தனி. ஆனால் 1879இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனை அழகானது. லண்டனில் பால் மால் என்ற தெருவில் சுமார் 450 கஜ தூரம் மெதுவாக நடந்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளையும், அது ஒன்றிரண்டு எண்ணங்களைக் கிளப்பும்வரை உற்றுப் பார்த்தார். ஏறக்குறைய 300 பொருள்கள். தன் வாழ்க்கை முழுவதுமே அந்தத் தெருவில் சிதறிக் கிடந்ததுபோல், மறந்தே போனதாக நினைத்த சம்பவங்களெல்லாம் எழுந்து வந்தன. அடடா, மனம் எவ்வளவு வளமானது என்று பூரித்துப்போனார். சில நாள் கழித்து அதே தெருவில் அதே மாதிரி நடந்தார். பூரிப்பு குறைந்துவிட்டது. முன்பு வந்த எண்ணங்களே நிறைய திரும்பி வந்தன.

அப்புறம் இதையே முறையாகச் செய்தார். 75 சொற்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, என்ன தோன்றுகிறது, எவ்வளவு நேரத்தில் தோன்றுகிறது என்று குறித்தார். இடைவெளி விட்டு நான்கு முறை. மொத்தம் 660 விநாடியில் 505 எண்ணங்கள். அதில் ஒன்றுக்கொன்று வேறானவை 289தான். எந்த வயதில் பதிந்தது என்று தெரிந்த எண்ணங்களை வகை பிரித்தபோது 39 சதவீதம் சிறுவயதும் இளமையும், 46 சதவீதம் பிற்கால வாழ்க்கை. புதிதாகப் பதிந்தவை 15 சதவீதம்தான். அலுத்துப்போகும் வேலை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்புகிறேன்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? அரிஸ்டாட்டிலின் மூன்றாவது வகைக்கு இப்போதுதான் வருகிறோம்.

ஒரு நினைவு என்பது ஒரு செல்லில் உட்கார்ந்திருக்கும் சமாசாரம் இல்லை. அந்த அனுபவம் நடந்தபோது கூடிச் சுறுசுறுப்பான நரம்பு செல்களின் கூட்டம் அது. சேர்ந்து வேலை செய்த செல்களுக்கு நடுவில் இணைப்பு பலமாகிறது என்ற கருத்தைக் கனடாக்காரர் டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்தார். பின்னாளில் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியைத் தட்டினால் போதும், மீதியும் எழுந்துகொள்ளும். இஞ்சி வாசனை தட்டியது ஒரு மூலையை. எழுந்தது பஸ் முழுக்க. இந்த வேலையில் முக்கியப் பங்கு, காதுக்கு நேர் உள்ளே மூளையின் பக்கவாட்டில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு.

ஆனால் ஒரு சந்தேகம் வரவேண்டும். ஒரே நினைவின் துண்டுகள் ஒன்றையொன்று எழுப்புவது புரிகிறது. இரண்டு தனித்தனி நினைவுகள், எந்த ஒற்றுமையும் இல்லாதவை, எப்படிக் கைகோக்கின்றன? இதற்கு 2016இல் கலிஃபோர்னியாவில் டெனிஸ் காய், அல்சினோ சில்வா குழுவினர் சுண்டெலிகளை வைத்து ஒரு பதில் கண்டார்கள். எலியின் தலைமேல் பொருத்துகிற அளவுக்குச் சின்ன மைக்ராஸ்கோப் ஒன்றை வைத்து, அது புது இடத்துக்குப் போகும்போது ஹிப்போகாம்பஸில் எந்தெந்த செல்கள் மினுங்குகின்றன என்று பார்த்தார்கள். ஒரு பெட்டிக்குள் விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் கழித்து வேறொரு பெட்டிக்குள் விட்டால், இரண்டுக்கும் நிறைய செல்கள் பொதுவாக இருந்தன. நடுவில் ஏழு நாள் விட்டால் பொதுவானவை குறைந்தன.

காரணம் இதுதான். ஓர் அனுபவத்தைப் பதிந்த செல்கள் அதற்குப் பிறகும் சில மணி நேரத்துக்குத் துடிப்போடு இருக்கின்றன. அந்த நேரத்துக்குள் அடுத்த அனுபவம் வந்தால், அதையும் அவையே முந்திக்கொண்டு எடுத்துக்கொள்கின்றன. காலையில் ஒரு கல்யாண வீட்டில் சமைத்த அதே ஆட்களை, அடுப்பு அணைவதற்குள் மாலையில் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் பிடித்துப் போடுகிற மாதிரி. ஒரு வாரம் கழித்து விசேஷம் என்றால் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

இதில் என்னை அசத்தியது சோதனையின் அடுத்த படி. இரண்டாவது பெட்டியில் எலிக்கு லேசாக ஷாக் கொடுத்தார்கள். பிறகு, ஒரு கெடுதலும் நடக்காத முதல் பெட்டிக்குள் அதை விட்டார்கள். ஐந்து மணி நேர இடைவெளியில் பார்த்த பெட்டி என்றால், எலி அங்கேயும் பயந்து உறைந்து நின்றது. ஏழு நாளுக்கு முன் பார்த்த பெட்டி என்றால் அவ்வளவு பயமில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒப்புமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே நாளில் நடந்தது ஒன்றே போதும். துக்க வீட்டுக்குப் போன அன்று காலையில் சாப்பிட்ட டிபன் சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொண்டையில் இறங்காமல் போகிறதே, அதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எலி வேறு, மனிதர் வேறு. அதனால் அடித்துச் சொல்லவில்லை.

மனிதர்களிடம் இவ்வளவு உள்ளே போய்ப் பார்க்க முடியாது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் சிலருக்கு மருத்துவக் காரணத்துக்காகவே மூளைக்குள் மின்முனை வைப்பதுண்டு. அவர்கள் சம்மதத்தோடு நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வு: பிரபலமான ஒருவரின் படத்தைப் பார்த்தால் மட்டும் துடிக்கிற ஒரு செல்லைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்த ஆளை ஒரு பிரபலமான இடத்தோடு சேர்த்து ஒரே படமாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு, இடத்தை மட்டும் காட்டினாலும் அதே செல் துடிக்க ஆரம்பித்தது. பல நாள் பயிற்சி எல்லாம் இல்லை. சேர்த்துப் பார்த்த கையோடு முடிச்சு விழுந்துவிட்டது.

முடிச்சுக்குத் திசையும் உண்டு. பட்டியலாகச் சொற்களைக் கேட்டுவிட்டு நினைவுக்கு வந்த வரிசையில் சொல்லச் சொன்னால், ஒரு சொல்லுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் பட்டியலில் அதன் பக்கத்துச் சொல். அதிலும் முன்னால் இருந்ததைவிடப் பின்னால் வந்ததே அதிகம். மைக்கேல் கஹானா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் இதைக் காட்டினார். நம்மவர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்தாதி என்ற ஏற்பாடே வந்திருக்காது. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டின் வாசல். திருவாய்மொழியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்கள் இப்படியே போகின்றன. அபிராமி அந்தாதியை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டி யாராவது தெரிந்தால், அறுபதாவது பாட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார். ஐம்பத்தொன்பதின் கடைசி வரியை எடுத்துக் கொடுங்கள், நிற்காமல் ஓடும். தலைகீழாகச் சொல்லச் சொல்லிச் சோதிக்காதீர்கள், வசவு கிடைக்கும்.

வாசனை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறது என்று கேட்பீர்கள். பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவில் தாலமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏறிப் போகின்றன. வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்லை. மூக்கிலிருந்து கிளம்பியதும், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்குச் சீக்கிரமே போய்விடுகிறது. எழுபதை ஒட்டிய வயதுக்காரர்களிடம் இங்கிலாந்தில் சோதித்தார்கள். சொல்லைக் கொடுத்தால் பதினொன்று முதல் இருபத்தைந்து வயது வரையிலான நினைவுகள் அதிகம் வந்தன. அதே பொருளின் வாசனையைக் கொடுத்தால் பத்து வயதுக்கு உட்பட்ட நினைவுகள்.

வாசனையும் ருசியும் என்றதும் படித்தவர்கள் மார்செல் ப்ரூஸ்டைக் கொண்டுவருவார்கள். 1913இல் வெளியான நாவல். டீயில் நனைத்த மதலேன் கேக், உடனே பால்யம் முழுவதும் எழுந்து வந்தது என்று சொல்வார்கள். 'உடனே' என்பதுதான் தப்பு. நாவலில் முதல் வாயில் காரணம் தெரியாத ஒரு மகிழ்ச்சி மட்டும் வருகிறது. இரண்டாவது வாயில் புதிதாக ஒன்றுமில்லை, மூன்றாவதில் இன்னும் குறைவு. கதை சொல்கிறவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, மனத்தை வலிந்து திருப்பிப் பார்க்கிறார், வரவில்லை. பல தடவை முயன்று, விட்டுவிடலாமா என்ற கட்டத்தில்தான் அத்தை கொடுத்த கேக்கும் அந்த ஊரும் வருகின்றன. உணர்ச்சி முதலில் வந்து, சம்பவம் பின்னால் வருகிறது. காரணமில்லாமல் மனசு கனக்கிறது என்று நாம் சொல்கிற பொழுதுகளில் சில, சம்பவம் வந்து சேராத நினைவுகளாக இருக்கலாம்.

வலிந்து தேடும்போது வராதது பாத்திரம் கழுவும்போது வருவதும் இதோடு சேர்ந்ததுதான். டென்மார்க்கின் டார்தே பெர்ன்ட்சன் 1990களில், தானாக எழும் நினைவுகளை வந்த கையோடு குறித்துவைக்கச் சொல்லிப் பார்த்தார். பெரும்பாலானவை மனம் எதிலும் குவியாமல், கை மட்டும் வேலை செய்யும் நேரத்தில் வந்தவை. பெரும்பாலானவற்றுக்குத் தூண்டுகோல் சுற்றுப்புறத்திலேயே இருந்தது. சில சமயம் தூண்டுகோல் பக்கத்தில் இருக்காது. அதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது. காலையில் காதில் விழுந்த ஒரு பெயர், மத்தியானம் சம்பந்தமில்லாத நேரத்தில் ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

இதையெல்லாம் தொழிலாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1980களில் எட்வர்ட் கைசல்மன், ரொனால்ட் ஃபிஷர் என்ற இருவர், சாட்சிகளை விசாரிக்கப் போலீசாருக்கு ஒரு முறை வகுத்தார்கள். நேராக "என்ன பார்த்தாய்?" என்று கேட்காமல், முதலில் அந்த இடத்துக்கு மனத்தால் திரும்பிப் போகச் சொல்வது: வெயிலா மழையா, என்ன சத்தம் கேட்டது, உனக்கு எப்படி இருந்தது. பிறகு, அற்பமாகத் தோன்றுவதையும் விடாமல் சொல்லவைப்பது. பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு வரச் சொல்வது. எல்லாமே கண்ணிகளைத் தட்டிப் பார்க்கிற வேலை.

ஆனால் தட்டுகிற கை கொஞ்சம் அழுத்தினால் இல்லாத கண்ணியும் முளைத்துவிடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும், கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, ஐம்பது பேரிடம் கார்கள் இடித்தபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு ஐம்பது பேரிடம் இடித்து நொறுங்கியபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதல் கூட்டத்தில் 7 பேர், இரண்டாவதில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்கப் போகிறவர்கள், "தாத்தா, உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சுப்பா" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ரேஷன் கடை எந்தப் பக்கம் இருந்தது, வாசலில் எதை மிதித்து ஏறவேண்டும், உள்ளே என்ன வாசனை வரும் என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் வாசனைதானே என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் ரேஷன் கடையை விட்டுவிட்டு யாருடைய கல்யாணத்துக்கோ போனால், கூடவே போகவேண்டியதுதான். நடுவில் நிறுத்தி "கடையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் கடைக்குத் திரும்பி வருவார். கல்யாணத்தில் என்ன சண்டை நடந்தது என்பது அப்புறம் கிடைக்காது.